பெயரும் எண்ணும்: கள்ளக்குறிச்சி வட்டாரப் போர் வரலாற்றில் ஸ்காட்லாந்துப் படைவீரரும் தமிழ்ச் சிப்பாய்களும் – குடும்ப வரலாற்றுச் சான்றுகள் குறித்த ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழகத்தில் நிகழ்ந்த கர்நாடக, மைசூர்ப் போர்களில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த வீரர்களும் தமிழ்ச் சிப்பாய்களும் ஒரே களத்தில் நின்றனர். எனினும், ஸ்காட்லாந்து வீரரின் வழித்தோன்றல் தம் முன்னோரைப் பெயர், ஊர், பெற்றோர் விவரங்களோடு கண்டறிவது இன்று பல நேர்வுகளில் இயலுகிறது. சிப்பாயின் வழித்தோன்றலுக்கு அது அரிதாகவே இயலுகிறது. இவ்வேறுபாட்டின் காரணங்களைப் பதிவேடுகள், பெயரிடும் மரபு, கல்லறைகள், ஒளிப்படங்கள், வாய்மொழி மரபு ஆகியவற்றின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டமும் கல்வராயன் மலையும் ஆய்வுக் களமாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: குடும்ப வரலாறு, தியாகதுருகம், மதராஸ் படை, ஹைலாந்து ரெஜிமெண்டுகள், நடுகல், ஒளிப்பட ஆவணம், கல்வராயன் மலை.

1. முன்னுரை

வரலாற்றியலில் குடும்ப வரலாறு நெடுங்காலம் அரசகுடியினருக்கும் நிலக்கிழார்களுக்கும் உரிய துறையாகவே கருதப்பட்டது. மெய்க்கீர்த்திகளும் வமிசாவளிகளும் அத்தகையோர்க்கே வாய்த்தன. எளிய மனிதரின் குடிவழியை ஆவணங்களைக் கொண்டு மீட்டுருவாக்கும் முயற்சி, மேலைநாடுகளில் பதிவேடுகள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பின்னரே வலுப்பெற்றது. அவ்வகையில் ஸ்காட்லாந்து குறிப்பிடத்தக்க இடம் பெறுகிறது. அந்நாட்டின் பங்குப் பதிவேடுகளும், 1855 முதல் தொடரும் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளும், படைத்துறைப் பட்டியல்களும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கத்தக்கனவாக உள்ளன.

ஸ்காட்லாந்துக் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு தமிழ் மண்ணில் வந்து முடிகிறது. பரங்கிப்பேட்டை, பொள்ளிலூர், கடலூர், சீரங்கப்பட்டணம் ஆகிய பெயர்கள் அவர்தம் குடும்பத் தாள்களில் இடம்பெறுகின்றன. அதே களங்களில் அவர்களோடு நின்ற தமிழ்ச் சிப்பாய்களின் குடும்பங்கள் அக்களங்களுக்கு அணித்தேயுள்ள ஊர்களில் இன்றும் வாழ்கின்றன. ஆயினும் அவர்களிடம் அப்பெயர்கள் இல்லை. தொலைவில் உள்ளவருக்குக் கிடைப்பது அருகில் உள்ளவருக்குக் கிடைக்காமைக்குக் காரணம் யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. களம்: தியாகதுருகமும் அதன் பாதையும்

கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது தியாகதுருகம். மேற்கே ஆத்தூர்க் கணவாய் வழியாகச் சமவெளிக்கு இறங்கும் படைகள் கடற்கரையை நோக்கிச் செல்லும் பாதையை இங்குள்ள மலைக்கோட்டை கண்காணித்தது. ஆகவே கர்நாடகத்தின் மீது உரிமை கொண்டாடிய ஒவ்வொருவரும் இக்கோட்டையைக் கைக்கொள்ள முயன்றனர்.

1760-ஆம் ஆண்டு சனவரியில் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுப் படை தோல்வியுற்றது. மறு ஆண்டு சனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. அதனையடுத்து, மேஜர் பிரஸ்டனின் முற்றுகைக்கு உட்பட்டிருந்த தியாகதுருகமும் 1761-இன் தொடக்கத்தில் ஆங்கிலேயர் வசமாயிற்று. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790-ஆம் ஆண்டின் இறுதியில், திப்பு சுல்தான் இக்கோட்டையைத் தாக்கினார். 1780–82 ஆண்டுகளில் ஹைதர் அலியின் படைகளிடமிருந்து வந்தவாசிக் கோட்டையைக் காத்து நின்ற ஃபிளின்ட் என்னும் அதிகாரியே அப்போது தியாகதுருகத்திலும் தலைமை வகித்தார். திப்புவின் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அவர் திருவண்ணாமலை நோக்கிச் சென்றார்.

ஃபிளின்டின் பெயரை ஆங்கில வரலாற்று நூல்கள் புகழ்ந்து பேசுகின்றன. கோட்டையைக் காத்தோரில் மிகப் பெரும்பான்மையினரான சிப்பாய்களோ அந்நூல்களில் தொகையாகவே இடம்பெறுகின்றனர். இது ஒரு நூலாசிரியரின் விருப்பு வெறுப்பால் நேர்ந்ததன்று. அவர் பயன்படுத்திய ஆவணங்களின் அமைப்பால் நேர்ந்தது. போர் முடிந்ததும் அனுப்பப்பட்ட அறிக்கைகளில் இறந்த ஐரோப்பிய அதிகாரிகளின் பெயர்கள் எழுதப்பட்டன. ஐரோப்பியப் படைவீரரும் சிப்பாய்களும் எண்ணிக்கையாகத் தரப்பட்டனர். ஐரோப்பியப் படைவீரருக்கு அவ்வறிக்கைக்குப் புறம்பே வேறு பதிவேடுகள் இருந்தன என்பதே அடிப்படை வேறுபாடு.

3. ஸ்காட்லாந்து வீரரின் தடம்

1777-இல் லார்டு மக்லவுட் என்பவரால் ஹைலாந்துப் பகுதியில் திரட்டப்பட்ட ரெஜிமெண்டை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1780 செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் கர்னல் வில்லியம் பெய்லியின் படை அழிந்தபோது, இந்த ரெஜிமெண்டைச் சேர்ந்த டேவிட் பெயர்டு சிறைப்பட்டார். 1784 வரை சீரங்கப்பட்டணத்தில் அடைபட்டிருந்தார். 1781 சூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியை எதிர்த்து நின்றதும் இதே ரெஜிமெண்டாகும்.

இதன் படைவீரர் ஒருவரின் வழித்தோன்றல் தம் முன்னோரைத் தேடும் முறை பின்வருமாறு அமையும். முதலாவதாக, லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் வருகைப் பட்டியல்களில் ஆண்டுதோறும் படையில் இருந்தோரின் பெயர்கள் உள்ளன. இரண்டாவதாக, ஓய்வூதியம் பெற்று விலகியவராயின், 1760 முதல் தொடங்கும் விலகல் ஆவணங்களில் அவர் பிறந்த பங்கு, அகவை, முன்னைத் தொழில், உடல் அடையாளம் ஆகியன காணப்படும். மூன்றாவதாக, பிறந்த பங்கு தெரிந்தால் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் பழைய பங்குப் பதிவேடுகளில் ஞானஸ்நானக் குறிப்பைத் தேடலாம். இவற்றுள் மிகப் பழையது 1553-இல் தொடங்குகிறது. ஹைலாந்துப் பகுதிகளில் பல பங்குகளின் பதிவேடுகள் பிந்தியே தொடங்குவதால் இப்படி எப்போதும் கைகூடுவதில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் நேரடியாகச் சேர்ந்தவராயின், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களே முதற்சான்று. கப்பலேறிய ஆட்களின் பட்டியல், மதராஸ் படையின் ஐரோப்பியர் வருகைப் பட்டியல், மதராஸ் மாகாணத் திருச்சபைப் பதிவுகளின் படிகள், உயில்கள் ஆகியன அங்குள்ளன. அதிகாரியாகச் சேர விரும்பிய இளைஞர் தம் அகவையை மெய்ப்பிக்க ஞானஸ்நானச் சான்றை இணைக்க வேண்டியிருந்தது. ஆகவே அவரது படைத்துறைத் தாளே அவரைத் தாய் தந்தையரோடு இணைத்துவிடுகிறது. கிளாஸ்கோவில் 1761-இல் பிறந்து, 1780-இல் காலாட்படைக் கேடட்டாக மதராசில் இறங்கி, பின்னாளில் மதராஸ் ஆளுநராக உயர்ந்த தாமஸ் மன்றோ போன்றோருக்குக் குடும்பக் கடிதங்களும் எஞ்சியுள்ளன. 1792 முதல் 1799 வரை பாராமகாலில் வரித்தீர்வைப் பணியாற்றிய காலத்தை அறிய அவர் குடும்பத்தாருக்கு எழுதிய கடிதங்கள் அரசு ஆவணங்களுக்கு இணையான சான்றாகப் பயன்படுகின்றன.

இறுதியாக, கல்லறைகள். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905-இல் வெளிவந்த மதராஸ் மாகாணக் கல்லறைக் கல்வெட்டுத் தொகுதி, மாவட்ட வாரியாக ஐரோப்பியர் கல்லறைகளைப் பதிவு செய்துள்ளது. அழிந்துபோன கல்லறைகளின் வாசகமும் இந்நூலின் வழி எஞ்சுகிறது.

4. எண் மாறும் சிக்கல்

படைத்துறை ஆவணங்களைக் கையாள்வோர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ரெஜிமெண்டுகளின் எண் மாற்றமாகும். மக்லவுடின் ரெஜிமெண்ட் தொடக்கத்தில் 73 என்னும் எண்ணைப் பெற்றிருந்தது. 1786-இல் அது 71 ஆயிற்று. அதே ஆண்டில், 42-ஆம் ஹைலாந்து ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளம் தனி ரெஜிமெண்டாக்கப்பட்டு 73 என்னும் எண்ணைப் பெற்றது. ஆகவே 1781-ஆம் ஆண்டுக் குறிப்பில் வரும் 73-ஆம் ரெஜிமெண்டும் 1790-ஆம் ஆண்டுக் குறிப்பில் வரும் 73-ஆம் ரெஜிமெண்டும் வெவ்வேறானவை. மூன்றாம் மைசூர்ப் போரில் 71, 72, 74 எனக் குறிக்கப்படும் ஹைலாந்து ரெஜிமெண்டுகளுள் முதலாவதே பரங்கிப்பேட்டையில் 73 என நின்ற படை.

இந்தியப் படைகளிலும் இதே சிக்கல் உண்டு. மதராஸ் சுதேசிக் காலாட்படை 1796-இலும் 1824-இலும் மறுசீரமைக்கப்பட்டது. 1903-இல் கிச்சனர் காலத்துச் சீரமைப்பில் மதராஸ் ரெஜிமெண்டுகளின் எண்ணோடு 60 கூட்டப்பட்டது. அவ்வகையில் 13-ஆம் மதராஸ் காலாட்படை 73-ஆம் கர்நாடிக் காலாட்படை ஆயிற்று; 1922-இல் 3-ஆம் மதராஸ் ரெஜிமெண்டின் முதலாம் பட்டாளமாக மீண்டும் மாறியது. அந்த ரெஜிமெண்ட் அப்பத்தாண்டின் இறுதிக்குள் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது மதராஸ் ரெஜிமெண்ட் என்னும் பெயரில் புதிதாகத் தொடங்கப்பட்டது. ஒரே 73 என்னும் எண், காலத்திற்கேற்ப ஹைலாந்துப் படை ஒன்றையும், வேறொரு ஸ்காட்லாந்துப் படையையும், தமிழர் பணியாற்றிய மதராஸ் படை ஒன்றையும் குறிக்கிறது. எண்ணை ஆண்டோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் முதல் நெறி.

5. பெயரிடும் மரபும் எழுத்தரின் செவியும்

ஹைலாந்து வீரர்களுள் பலருக்குத் தாய்மொழி கேலிக். அவர்களது பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர், ஒலியைப் பின்பற்றாமல் வழக்கமான ஆங்கிலப் பெயர் ஒன்றை மாற்றாக இட்டனர். டோரமொட் என்பவர் நார்மன் ஆனார். யாஹன் என்பவர் ஹெக்டர் ஆனார். வீட்டில் வழங்கிய பெயர் ஒன்று, படைப்பட்டியலில் பதிந்த பெயர் மற்றொன்று.

தமிழ்ப் பெயர்களுக்கு நேர்ந்தது வேறு வகையான திரிபு. ஆங்கில எழுத்து லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காட்டாது. முத்துசாமி என்னும் பெயர் கம்பெனி எழுத்தர் கையில் மூட்டூசாமி என்று படிக்கத்தக்க வடிவம் பெற்றது. ஊர்ப்பெயரும் இவ்வாறே. கள்ளக்குறிச்சி, கல்லகுர்ச்சி என்பது போன்ற வடிவில் பதிவாயிற்று. தியாகதுருகம் பல ஆவணங்களில் தியாகர் என்று மட்டுமே உள்ளது. அகரவரிசைப் பட்டியலில் ஒரே ஊரைப் பல இடங்களில் தேட வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம்.

இவ்விரு மரபுகளுக்கும் இடையே ஆய்வுக்குப் பெரிதும் துணைபுரியும் ஓர் ஒற்றுமையும் உண்டு. ஸ்காட்லாந்தின் பழைய பெயரிடும் வழக்கப்படி, மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரும் இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரும் இடப்பெறும். தமிழில் இவ்வழக்கம் உறவுச் சொல்லிலேயே நிலைபெற்றுள்ளது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டி பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. பேரன், பேத்தி என மருவி வழங்கும் இச்சொற்கள் குடிவழி ஆய்வுக்கு ஒரு கருவியாகின்றன. ஒரு குடும்பத்தில் ஒரு தலைமுறை இடைவிட்டு ஒரே பெயர் வருமாயின், ஆவணமற்ற தலைமுறையின் பெயரை ஊகிக்க இடமுண்டு. ஊகம் சான்றாகாது, எனினும் எந்த ஆவணத்தைத் தேட வேண்டும் என்பதற்கு அது வழிகாட்டும்.

ஆனால் ஒரு வேறுபாடு தீர்க்கமானது. ஸ்காட்லாந்தில் குடும்பப் பெயர் தலைமுறைதோறும் மாறாது வருகிறது; மணமான பெண்ணின் பிறந்தகப் பெயரும் பதிவுகளில் காக்கப்படுகிறது. தமிழ் மரபில் தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னொட்டாக வருவதால் அது தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. ஆகவே தமிழ்க் குடிவழித் தேடலில் பெயர், தந்தை பெயர், ஊர் ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைத்தாலன்றி அடையாளம் உறுதிப்படாது. சிப்பாய்களின் ரெஜிமெண்ட் பெயரேடுகளில் தந்தை பெயர், ஊர், சாதி, உயரம் முதலியன குறிக்கப்பட்டன. ஆனால் அவை ரெஜிமெண்டோடு இருந்தன. ரெஜிமெண்டுகள் கலைக்கப்பட்டபோது அவற்றின் தொடர்ச்சியும் பல இடங்களில் அறுந்தது.

6. தாயின் பெயர்

இரு மரபினரும் சந்தித்த குடும்பங்களும் இருந்தன. ஐரோப்பியப் படைவீரர் பலருக்கு இந்நாட்டுப் பெண்களோடு குடும்பம் அமைந்தது. அவர்தம் ஆண்மக்களுக்காக மதராஸ் எழும்பூரில் 1789-இல் ஓர் அநாதையர் இல்லம் நிறுவப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்றவர் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்த ஆண்ட்ரு பெல். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையை அவர் இங்குக் கண்டு நடைமுறைப்படுத்தி, 1797-இல் அதைப் பற்றி நூல் எழுதினார். மணலில் எழுதிப் பழகும் நம் திண்ணைப் பள்ளி வழக்கம் அம்முறைக்கு ஒரு தூண்டுகோலாயிற்று. 'மதராஸ் முறை' என உலகெங்கும் பரவிய அது, அவரது சொந்த ஊரில் மதராஸ் கல்லூரி என்னும் பள்ளியின் பெயராக இன்றும் நிலைத்துள்ளது.

இக்குழந்தைகளின் ஞானஸ்நானப் பதிவுகளில் தந்தையின் பெயரும் அவரது படைப்பிரிவும் உள்ளன. தாயின் பெயர் பல பதிவுகளில் இல்லை. இருக்கும்போதும் ஞானஸ்நானத்தின்போது இடப்பட்ட கிறித்தவப் பெயராக மட்டும் இருக்கும். அவரது ஊரோ பெற்றோரோ அறியப்படுவதில்லை. ஸ்காட்லாந்தில் வாழும் வழித்தோன்றல் தம் குடிவழியைப் பின்னோக்கித் தேடுகையில், தந்தைவழியில் ஒரு பங்கின் பதிவேடு வரை செல்ல முடிகிறது; தாய்வழியில் மதராசோடு வழி அடைபடுகிறது. பதிவின்மையால் இழப்புற்றோர் தமிழ்க் குடும்பங்கள் மட்டுமல்லர் என்பதை இது காட்டுகிறது.

7. பெயர் பொறித்த கல்லும் எண் பொறித்த கல்லும்

எளிய வீரனின் பெயரைப் பதிவு செய்தல் நவீன மேலைநாட்டு வழக்கம் என்னும் கருத்து தமிழகத்திற்குப் பொருந்தாது. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் படிநிலைகளாக வகுத்துரைக்கிறது. கள்ளக்குறிச்சிக்கு வடக்கே செங்கம் வட்டாரத்தில் கண்டெடுக்கப்பட்ட பல்லவர் கால நடுகற்கள், இரா. நாகசாமி பதிப்பில் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறையால் 1972-இல் வெளியிடப்பட்டன. அக்கற்களில் ஆளும் மன்னனின் ஆட்சியாண்டு, ஊர், பூசலின் காரணம், வீரன் யாருடைய சேவகன் என்பது, வீரனின் பெயர் ஆகியன பொறிக்கப்பட்டுள்ளன. ஆநிரை மீட்டு மாண்ட ஒரு சேவகனின் பெயர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்கக் கிடைக்கிறது.

இதனோடு இருபதாம் நூற்றாண்டின் நினைவுக் கற்களை ஒப்பிடுதல் தகும். முதல் உலகப் போருக்குப் பின் இந்தியாவின் பல ஊர்களில் ஒரே வகையான கல்வெட்டுப் பலகைகள் பதிக்கப்பட்டன. அவ்வூரிலிருந்து 1914–1919 போருக்குச் சென்றோர் எத்தனை பேர், அவருள் உயிர் துறந்தோர் எத்தனை பேர் என அவை கூறுகின்றன. பெயர்கள் இல்லை. மெசபடோமியப் போரில் மாண்டோருக்காக எழுப்பப்பட்ட பாஸ்ரா நினைவுச் சின்னத்திலும் பிரிட்டிஷ் வீரர்கள் பெயரால் குறிக்கப்பட, இந்தியப் படைவீரரும் கீழ்நிலை அலுவலரும் தத்தம் ரெஜிமெண்டின் கீழ் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர்.

இந்த ஏற்றத்தாழ்வைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஏற்றுக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் முதலியோருள் 45,000 முதல் 54,000 வரையிலானோர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் குறிக்கப்படாமலோ முற்றிலும் நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்றும் அவ்வறிக்கை மதிப்பிட்டது. சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் உள்ள 1914–1918 மதராஸ் நினைவுச் சின்னம், பராமரிக்க இயலாத கல்லறைகளில் அடங்கிய ஆயிரத்திற்கு மேற்பட்டோரை நினைவுகூர்கிறது.

நடுகல்லின் கண்ணோட்டத்தில் இறந்தவன் ஒரு குறிப்பிட்ட மனிதன். ஊர்ப்பலகையின் கண்ணோட்டத்தில் அவன் ஓர் ஊரின் பங்களிப்பில் ஓர் அலகு. குடும்ப வரலாற்றாய்வு, இரண்டாம் வகைக் கல்லில் உள்ள எண்ணை முதல் வகைக் கல்லில் உள்ள பெயராக மாற்றும் பணியெனக் கொள்ளலாம்.

8. ஒளிப்படமும் பதக்கமும்

ஒளிப்படம் தானே பேசாது. பிற சான்றுகளோடு பொருத்தும்போதே ஆவணமாகிறது. ஹைலாந்து வீரரின் படத்தில் பாவாடையின் கட்டமைப்பு, தொப்பியில் உள்ள சின்னம், இடுப்புப் பையின் குஞ்சங்கள் ஆகியன ரெஜிமெண்டைக் காட்டும். படம் ஒட்டப்பட்ட அட்டையின் அளவும் பின்புறத்தில் அச்சிட்ட ஸ்டூடியோ முகவரியும் காலத்தைக் காட்டும். 1850-களின் பிற்பகுதியில் பரவிய சிறிய அட்டைப் படமும் 1860-களில் தோன்றிய பெரிய கேபினட் அட்டையும் இவ்வகையில் காலவரையறைக்கு உதவுகின்றன.

தமிழ்க் குடும்பங்களில் சுவரில் மாட்டிய சட்டப் படத்திற்கும் இதே முறை பொருந்தும். தோள்பட்டை எழுத்துகள், தலைப்பாகையின் கட்டு, மார்பில் உள்ள நாடாக்களின் வரிசை, பின்னணித் திரை, சட்டத்தின் பின்புறத் தாள் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். மாலையிட்டு வழிபடும் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றுவதற்குக் குடும்பத்தாரின் இசைவு இன்றியமையாதது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியுடன் தமிழக ஸ்டூடியோப் படங்களை எண்மமாக்கியுள்ளமை இத்துறைக்கு ஒரு நல்ல அடித்தளம்.

படத்தினும் உறுதியான சான்று பதக்கம். முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் பெறுநரின் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டுள்ளன. படைவீரருக்கு வெள்ளியிலும், இந்தியத் தொழிலாளர் படை முதலிய பிரிவுகளில் பணியாற்றியோருக்கு வெண்கலத்திலும் அது வழங்கப்பட்டது. பெட்டியின் அடியில் கிடக்கும் கறுத்த வட்டில் ஒன்று, எந்த நினைவுச் சின்னமும் தராத பெயரைத் தரக்கூடும். அதனைத் தேய்த்துத் துலக்குதல் எழுத்தை அழிக்கும். சாய்ந்த ஒளியில் படமெடுத்தலே தக்க முறை.

படங்களிலும் பெயர்–எண் சிக்கல் உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் உள்ள படங்களின் கீழ்ப் பெரும்பாலும் சாதிப் பெயரே உள்ளது. தாமஸ் ஹிக்கி 1816-இல் தீட்டிய காலின் மெக்கன்சியின் ஓவியம் இதற்கு ஓரளவு விதிவிலக்கு. லூயிஸ் தீவின் ஸ்டார்னோவேயில் பிறந்து இந்தியாவின் முதல் தலைமை நில அளவையராக உயர்ந்த மெக்கன்சியைச் சுற்றி மூன்று இந்திய உதவியாளர்கள் நிற்கின்றனர். அவருள் காவலி லட்சுமய்யா ஒருவர் என ஆய்வாளர் அடையாளங் காண்கின்றனர். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ள மெக்கன்சி தொகுப்பு அத்தகையோர் ஊர் ஊராகச் சென்று திரட்டிய கைபீதுகளால் ஆனது.

9. கல்வராயன் மலை: தாளில்லாத வரலாறு

சமவெளியில் ரயத்துவாரி முறை நிலவியதால் நிலத்தீர்வைப் பதிவேடுகளில் உழவரின் பெயர்கள் உள்ளன. இனாம் நிலங்களுக்கு இனாம் ஆணையத்தின் பதிவேடுகளில் வாரிசு விவரங்களும் கிடைக்கின்றன. கல்வராயன் மலையில் நிலைமை வேறு. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைப்பகுதி சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்தாரர்களின் ஆளுகையில் 1976 வரை இருந்தது. மலைவாழ் உழவர் ஜாகிருக்கு வரி செலுத்தினர். அரசின் பட்டாப் பதிவேட்டில் அவர்கள் பெயர் ஏறவில்லை. தாத்தாவின் நிலத்தைத் தாளில் காட்ட இயலாத நிலை இதனால் ஏற்பட்டது.

ஆனால் தாளின்மை வரலாறின்மை ஆகாது. மலையாளிப் பழங்குடியினர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவரின் வழியினர் தாம் என்றும், அம்மூவரும் வெவ்வேறு மலைகளில் குடியமர்ந்தனர் என்றும் வாய்மொழி மரபு கூறுகிறது. இதனைத் தொன்மமாகவே கொள்ள வேண்டும். எனினும் இத்தொன்மத்திற்குக் கீழே, மூன்று நான்கு தலைமுறைப் பெயர்களும் கொள்வினை கொடுப்பினை உறவுகளும் முதியோர் நினைவில் உள்ளன. பழங்குடிச் சான்றிதழுக்கும் நில உரிமைக்கும் முன்னோர் பற்றிய சான்று கோரப்படும் இக்காலத்தில், அந்நினைவை முறையாகப் பதிவு செய்தல் ஆய்வுத் தேவையோடு வாழ்வுத் தேவையும் ஆகிறது.

10. ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க வழிமுறை

கள்ளக்குறிச்சி வட்டாரக் குடும்பம் ஒன்றின் படைத்துறை வரலாற்றைத் தேடுவோர் முதலில் நிருவாக எல்லையின் வரலாற்றை அறிதல் வேண்டும். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. அதற்குமுன் 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும், அதற்கும் முன் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்திலும் இருந்தது. ஆகவே பழைய ஆவணங்களை எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் தென்னார்க்காடு மாவட்டப் பதிவுகளிலும் படைத்துறைப் பதிவுகளிலும் தேட வேண்டும். கார்ஸ்டினின் தென்னார்க்காடு மாவட்டக் கையேடும் (1878), பிரான்சிஸின் விவரச்சுவடியும் (1906) இடப்பெயர் வடிவங்களை அறியத் துணைபுரியும்.

அடுத்து, தேடலை அண்மைக் காலத்திலிருந்து பின்னோக்கி நடத்துதல் வேண்டும். பதக்கம், ஓய்வூதியப் புத்தகம், விலகல் சான்று, ஒளிப்படம் ஆகியவற்றில் ஒன்றேனும் கிடைத்தால் படை எண்ணும் பிரிவும் தெரியவரும். அவ்விரண்டும் தெரிந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும், வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டின் அல்லது பெங்களூரில் உள்ள மதராஸ் பொறியாளர் படையின் ஆவண அலுவலகத்தையும் அணுகலாம். கிறித்தவக் குடும்பமாயின் பழைய பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள் ஸ்காட்லாந்தின் பங்குப் பதிவேடுகளுக்கு நிகரான சான்றாகும்.

மூன்றாவதாக, பெயர்களைத் தமிழ் வடிவிலும் ஆவணத்தில் உள்ள ஒவ்வோர் ஆங்கில வடிவிலும் சேர்த்துப் பட்டியலிட வேண்டும். இப்பணிக்கு ஒலியியலும் வட்டார வழக்கும் அறிந்த தமிழாய்வாளரே தகுதியுடையவர். பஞ்சாபிலிருந்து முதல் உலகப் போருக்குச் சென்றோரின் ஊர்வாரிப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்திலிருந்து 2021-இல் இணையத்தில் வெளியிடப்படத் தொடங்கியபின், புலம்பெயர்ந்த குடும்பங்கள் தம் முன்னோரின் பெயர்களைக் கண்டறிந்தன. தென்மாவட்டங்களுக்கும் வடமாவட்டங்களுக்கும் அத்தகைய ஊர்வாரித் தொகுப்பு ஒன்றைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் இணைந்து உருவாக்க இயலும்.

11. தொகுப்புரை

ஸ்காட்லாந்து வீரரின் வரலாறு எளிதில் மீட்கப்படுவதற்கு அவர் செய்த வீரச்செயல் காரணமன்று. பிறந்த பங்கு, சேர்ந்த படை, அடங்கிய கல்லறை ஆகிய மூன்றிலும் அவர் பெயர் எழுதப்பட்டமையே காரணம். தமிழ்ச் சிப்பாயின் பெயர் படையோடு நின்றது. படை கலைந்தபோது அதுவும் கலைந்தது. எண் மாற்றம், பெயர்த் திரிபு, தாயின் பெயரின்மை, நினைவுக் கற்களில் எண்ணிக்கை மட்டுமே இடம்பெற்றமை ஆகியன இவ்விழப்பைப் பெருக்கின.

எனினும் இழப்பு முழுமையானதன்று. பதக்கத்தின் விளிம்பு, சட்டப் படத்தின் பின்புறம், பெயரன் தாங்கிய பாட்டன் பெயர், மலையூர் முதியவரின் நினைவு ஆகியன இன்னும் எஞ்சியுள்ளன. ஆவணக் காப்பகத்தில் உள்ள தாள் அடுத்த தலைமுறைக்கும் காத்திருக்கும்; முதியோர் நினைவு அவ்வாறு காத்திராது. ஆகவே களப்பதிவே இப்பணியில் முதலிடம் பெறத்தக்கது.